ஊசியும் நூலும் கொண்டுபோன மலை

சிவனொளிபாதமலையில் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். 2018 ஜனவரியில் கல்லூரித் தோழிகள் இருவருடன். 2024 பிப்ரவரியில், அறுபத்தெட்டு வயதான அப்பாவுடன். முதல் முறை உச்சியை அடைய இரண்டே முக்கால் மணி நேரம் போதுமாக இருந்தது. இரண்டாம் முறை எட்டு மணி நேரம் ஆயிற்று. எந்த ஏற்றம் நல்ல ஏற்றம் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். இந்த மலைக்குக் கால் பலத்தைவிட நேரக்கணக்கு முக்கியம் என்பதையும், ஏறுவதற்குத் தயாராவதைப் போல இறங்குவதற்கும் தயாராக வேண்டும் என்பதையும் முதல் பயணத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். வயதான பெற்றோரை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இலங்கையின் மலைநாட்டில் 2,243 மீட்டர் உயரத்தில் நிற்கிறது இந்தச் சிகரம். உச்சிப் பாறையில் ஒரு பாதச்சுவடு. சைவர்களுக்கு அது சிவபெருமானின் பாதம். பௌத்தர்களுக்குப் புத்தரின் பாதம். முஸ்லிம்களுக்கு ஆதம் நபி மண்ணில் கால் வைத்த இடம். கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாரோடு சேர்த்துச் சொல்வார்கள். மலைக்குக் காவல் தெய்வம் சமன். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் சமன் தெய்வத்தின் சிலை பெல்மதுளை விகாரையில் இருக்கும். பருவம் தொடங்கும்போது ஊர்வலமாக மலைக்கு எடுத்துவருவார்கள். பருவம் இல்லாத நாட்களில் படிகளில் விளக்கு எரியாது, கடைகள் இருக்காது, மழையும் அட்டையும்தான் இருக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் அந்த மாதங்களை நினைக்கவே வேண்டாம்.

அப்பா திண்டுக்கல்லில் நாற்பது வருடங்களுக்கு மேலாகத் தையற்கடை வைத்திருக்கிறார். முதல் பயணம் முடிந்து வந்து நான் சொன்ன கதைகளில் அவர் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். மலைப்பாதையில் இந்திகட்டுபான என்று ஓர் இடம் இருக்கிறது. இந்திகட்டுவ என்றால் சிங்களத்தில் ஊசி. மலையேறும் வழியில் புத்தர் அங்கே நின்று, கிழிந்த தம் சீவர ஆடையைத் தைத்துக்கொண்டார் என்பது நம்பிக்கை. அதன் நினைவாக யாத்திரிகர்கள் ஊசியில் கோத்த நூலை அங்கே காணிக்கையாக விடுகிறார்கள். "துணி தைத்த இடத்துக்கு ஒரு கோயிலா?" என்று கேட்டுவிட்டு, அன்று மாலை முழுவதும் மிஷினை மிதித்தபடி பேசாமலே இருந்தார். அதற்குப் பிறகு ஆறு வருடங்கள், தை பிறந்தால் ஒரு முறை, "அந்த மலைக்கு எப்போது அம்மாடி போகிறோம்?" என்று கேட்பார்.

கொழும்பு கோட்டை நிலையத்தில் பதுளைக்குப் போகும் ரயிலில் ஏறினால் ஹட்டனில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ், மஸ்கெலியா வழியாக. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தை ஒட்டிப் பஸ் வளைந்து வளைந்து போகும்போது எந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தாலும் கொஞ்ச நேரமாவது மலை தெரியும். பழைய மஸ்கெலியா ஊர் இந்த நீருக்கடியில்தான் இருக்கிறது. நீர் வற்றும் காலத்தில் மூழ்கிய கோயிலின் பகுதிகள் வெளியே தெரியும் என்று பக்கத்து இருக்கைக்காரர் அப்பாவிடம் சொன்னார், தமிழில். மலையடிவார ஊரின் பெயர் நல்லதண்ணி. முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிய மக்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இடம் அது. கடல் தாண்டி வந்து, கொழுந்து பறிக்கும் சரிவுகளுக்கு நடுவே இப்படி ஒரு பெயரைப் படித்ததும் அப்பாவின் கண் கலங்கியது. எனக்கும்தான்.

முதல் முறை என்ன தவறு செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். சூரிய உதயம் ஆறே கால், ஆறரை வாக்கில். நாங்கள் நள்ளிரவு பன்னிரண்டுக்கே கிளம்பிவிட்டோம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் என்று கேட்ட பயத்தில் முன்கூட்டியே போய்விடுவோம் என்ற எண்ணம். பாதிக்கு மேல் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தபோது கடைக்கார அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மகள், இங்கேயே ஒரு மணித்தியாலம் படுத்து எழும்பிப் போங்கள், மேலே சரியான குளிர்" என்றார். நாங்கள் கேட்கவில்லை. மணி மூன்றாவதற்குள் உச்சியில் நின்றோம். ஏறும்போது வியர்த்து நனைந்த பருத்திச் சட்டை, காற்று பட்டதும் பனிக்கட்டித் துணியைப் போர்த்தியது போல ஆயிற்று. கோயில் முற்றத்தில் செருப்பில்லாமல்தான் நிற்க வேண்டும். கல்லின் குளிர் முழங்கால் வரை ஏறியது. மூன்றரை மணி நேரம் மூவரும் ஒரே துப்பட்டாவுக்குள் ஒண்டிக்கொண்டு பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தோம். ஒரு தோழிக்கு வாந்தி. சூரியன் எழுந்தபோது கும்பிடத் தோன்றவில்லை, வெயில் எப்போது உடம்பில் படும் என்பதே நினைப்பாக இருந்தது. மலையின் நிழலைப் பார்க்க எல்லாரும் மேற்குப் பக்கம் போனார்கள். நாங்கள் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை.

இறக்கம் அதைவிட மோசம். பாதி இறங்குவதற்குள் என் தொடைகள் தாமாக நடுங்கத் தொடங்கின. ஒவ்வொரு படியிலும் முழு எடையும் முழங்கால் மூட்டில் இறங்கும்போது உள்ளே ஊசி குத்துவது போல வலி. கடைசி ஆயிரம் படிகளைப் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினேன். இறங்கியவுடன் பஸ், பிறகு ரயில். உட்கார இடமில்லாமல் ஹட்டனிலிருந்து கொழும்பு வரை நின்றபடி வந்தோம். மறுநாள் விமான நிலையத்தில் மூன்று படி இறங்கக்கூட என்னால் முடியவில்லை. பயணத்தின் கடைசி நாளில் இந்த மலையை வைக்காதீர்கள். இறங்கிய நாள் முழுவதும் நல்லதண்ணியிலோ ஹட்டனிலோ தங்கி, கால்களை வெந்நீரில் வைத்து, அவ்வப்போது மெல்ல நடந்து கொடுத்தால் மறுநாள் பயணம் செய்யலாம்.

அப்பாவை அழைத்துப் போவது என்று முடிவானதும் மூன்று மாதம் முன்பே ஆயத்தத்தைத் தொடங்கினோம். முதலில் மருத்துவரிடம் காட்டி, இதயமும் ரத்த அழுத்தமும் பார்த்தோம். அவர் சரி என்ற பிறகுதான் டிக்கெட். பிறகு பழநி. பழநிப் படிகள் 693. சிவனொளிபாதமலையின் நல்லதண்ணிப் பாதை அதைப்போல ஏழெட்டு மடங்கு. மாதம் இரண்டு முறை பஸ் பிடித்துப் போய், முதலில் ஒரு தடவை ஏறி இறங்கினோம், பிறகு இரண்டு தடவை, கடைசியில் மூன்று. நான் கவனித்ததெல்லாம் அவர் எப்படி இறங்குகிறார் என்பதைத்தான். ஏறுவதில் மூச்சு வாங்கினால் நின்றுவிடலாம், உடம்பே சொல்லிவிடும். இறங்குவதில் மூச்சு வாங்காது; ஆகவே நிற்கத் தோன்றாது; மூட்டு கெடும் வரை தெரியாது. முழங்காலைச் சற்று மடித்த நிலையிலேயே வைத்து, தடியை முன்படியில் ஊன்றிய பிறகு காலை வைக்கப் பழகினார். அகலமான படிகளில் நேராக இறங்காமல் குறுக்காக இறங்கினால் அடி மெதுவாக விழும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பழநியில் சுமை தூக்கும் ஒரு பெரியவர்.

தையல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நீளமான தையல் வரும்போது வேகமாக மிதிக்க மாட்டார்கள். ஒரே சீராக மிதிப்பார்கள். வேகம் கூடிக் குறைந்தால் தையல் கோணும், நூல் அறும். அப்பா படியேறியதும் அப்படித்தான். நூறு படி, பிறகு ஒரு நிமிடம் நிற்பது. மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நூறு என்றால் நூறு. உட்கார மாட்டார், நிற்பார். உட்கார்ந்தால் தசை குளிர்ந்து இறுகிவிடும், எழுவது கஷ்டம். நான் முதல் பயணத்தில் வேகமாக ஐந்நூறு படி ஏறிவிட்டு விழுந்து உட்கார்ந்தவள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். பௌர்ணமி நாளை அங்கே போயா என்கிறார்கள், பொது விடுமுறை. போயா இரவிலும் வாரக் கடைசியிலும் கூட்டம் கட்டுக்கடங்காது. கடைசி ஏற்றத்தில் வரிசை நகராமல், உதயத்தைப் படியில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. நாங்கள் போயாவுக்கு ஒரு வாரம் முந்திய செவ்வாய்க்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்தோம். ஓரளவு நடக்கப் பழகிய இளைஞர்கள் இப்படிப்பட்ட நாளில் இரண்டு மணிக்குப் புறப்பட்டாலே போதும். வயதானவர்களோடு போனால் இரவு ஒன்பதரை, பத்துக்குக் கிளம்பி, பாதியில் ஒன்றிரண்டு மணி நேரம் கடையில் ஓய்வெடுத்துக்கொண்டு, ஐந்தரை மணிக்கு மேலே போய்ச் சேரும்படி கணக்குப் போட வேண்டும். உச்சியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும்படி போகவே கூடாது. மேலே அதிகாலையில் பத்து டிகிரி அளவுக்குத்தான் இருக்கும். காற்றில் அதைவிடக் குறைவாகத் தெரியும்.

பையில் என்ன கொண்டுபோனோம் என்று பலரும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு முழு மாற்று உடை, உள்ளாடை, பனியன் உட்பட, நனையாத பையில் கட்டி, கம்பளிச் சட்டை, அப்பாவுக்குக் குரங்குத் தொப்பி, எனக்குக் காதைச் சுற்றிக் கட்ட ஒரு துணி, காலுறை இரண்டு ஜோடி, ஒரு லிட்டர் தண்ணீர், வேர்க்கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் கலக்கும் பொட்டலம், அப்பாவின் மாத்திரைகள், சில்லறை நோட்டுகள். தண்ணீர் அதற்கு மேல் சுமக்க வேண்டியதில்லை, வழி நெடுகக் கடைகள் இருக்கின்றன. மேலே போகப்போக விலை கூடும். ஒவ்வொரு மூட்டையையும் ஒரு மனிதர் முதுகில் தூக்கிக்கொண்டுதான் இந்தப் படிகளில் ஏறுகிறார். அவர்கள் ஏறுவதைப் பார்த்த யாரும் விலை பேச மாட்டார்கள் என்று நம்புகிறேன். எடுத்துப்போன பிளாஸ்டிக் உறைகளைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். களனி, களு, வளவை ஆறுகள் பிறக்கும் காடு அது.

இரவு ஒன்பதே முக்காலுக்கு நல்லதண்ணியிலிருந்து புறப்பட்டோம். முதல் ஒரு மணி நேரம் பெரிய சிரமம் இல்லை. மகர தோரணம் என்னும் அலங்கார வளைவு, ஜப்பானிய பிக்குகளின் சமாதானத் தூபி, சீத கங்குல என்னும் குளிர்ந்த ஓடை என்று பாதை மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஓடையில் கைகால் கழுவிக்கொள்வது வழக்கம். நாங்கள் கையை மட்டும் நனைத்து நெற்றியில் தொட்டுக்கொண்டோம்; ஈரக்காலோடு ஏறினால் கொப்புளம் வரும். எதிரே இறங்கி வருகிறவர்கள், முன்பின் தெரியாதவர்கள், "கருணாவயி" என்று சொல்லிப் போகிறார்கள். அருள் உண்டாகட்டும் என்கிற மாதிரி ஒரு வாழ்த்து. அப்பா இரண்டாவது ஆளிலிருந்தே திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டார். கைக்குழந்தையோடு வந்த பெண்கள், இரண்டு பக்கமும் பேரன்கள் தாங்க ஏறிய வெள்ளைச் சேலைப் பாட்டிகள், எல்லாரையும் பார்த்தோம். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பது யாத்திரையில் நல்லதல்ல என்று ஒரு குடும்பத்தார் எங்களுக்குச் சொன்னார்கள். அதையும் அப்பா கடைப்பிடித்தார்.

பதினொன்றரைக்கு மேல் படிகள் செங்குத்தாகின்றன. உயரம் ஒன்றுபோல் இருக்காது, சில படிகள் முழங்கால் உயரம். பன்னிரண்டரைக்கு ஒரு கடையில் ஒதுங்கினோம். பெஞ்சில் அப்பா ஒன்றேகால் மணி நேரம் தூங்கினார். ஆனால் தூங்குமுன் ஈரச் சட்டையை மாற்ற வைத்தேன். அது ஒன்றுதான் முதல் பயணத்துக்கும் இதற்கும் மிகப் பெரிய வித்தியாசம். ஈரம் மாற்றாமல் ஓய்வெடுப்பது ஓய்வே இல்லை.

இந்திகட்டுபானவுக்கு மூன்று மணி சுமாருக்கு வந்தோம். செடிகளின் மேலும் கைப்பிடியிலும் நூல் நூலாகப் படர்ந்து, விளக்கு வெளிச்சத்தில் சிலந்திவலை போல மின்னியது. அப்பா சட்டைப்பையிலிருந்து தன் கடையின் ஊசியையும் வெள்ளைப் பருத்தி நூற்கண்டையும் எடுத்தார். நைலான் நூல் மக்காது என்று பருத்தியாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தார். கண்ணாடியைத் தேடவில்லை, விளக்குக்கு நேரே பிடித்து ஒரே முயற்சியில் கோத்தார். ஊசியைக் காணிக்கை இடத்தில் வைத்துவிட்டு, நூலைப் பிரித்துக்கொண்டே சில படிகள் ஏறினார். பக்கத்தில் அதையே செய்துகொண்டிருந்த ஒரு சிங்களப் பெரியவர் நூல் சிக்கிக்கொண்டு தடுமாறினார். அப்பா அதை வாங்கிச் சிக்கெடுத்துக் கொடுத்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. வெகுநேரம் இருவரும் சேர்ந்தே ஏறினார்கள்.

கடைசி ஏற்றம்தான் கடினம். இரும்புக் கைப்பிடி போட்டிருக்கிறார்கள். 1344இல் இந்த மலையில் ஏறிய மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, பாறையில் பொருத்திய சங்கிலிகளைப் பிடித்து ஏறியதாக எழுதியிருக்கிறார். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம். அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா, அதாவது இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி, சொல்வார் என்பதால். நமக்குச் சங்கிலி இல்லை, சிமெண்டுப் படி இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும். கம்பி பனியில் நனைந்து சில்லென்றிருக்கும், பழைய கையுறை இருந்தால் நல்லது. இங்கே நூறு படிக் கணக்கை அப்பா ஐம்பதாக்கினார், பிறகு இருபதாக்கினார்.

ஐந்தே முக்காலுக்கு உச்சி. செருப்பைக் கழற்றி, காய்ந்த காலுறையை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றோம். பாதத்தின் மேல் துணி விரித்திருக்கிறது; குனிந்து தொட்டு வணங்கிவிட்டு நகர வேண்டும். அப்பா வாய்க்குள் தேவாரம் சொல்வது கேட்டது. அருகில் பிக்குகளின் ஓதல், மேளம். ஒன்றை ஒன்று தடுக்கவில்லை. இங்கே ஒரு மணி உண்டு: எத்தனை முறை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். அப்பா ஒரு முறை அடித்தார். நான் இரண்டு. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பாட்டி அடித்துக்கொண்டே இருந்தார். பதினெட்டு வரை எண்ணினேன்.

சூரியன் வெளியே வந்த சில நிமிடங்களில் அப்பாவைக் கையைப் பிடித்து மேற்குப் பக்கம் அழைத்துப் போனேன். ஆறு வருடங்களுக்கு முன் குளிரில் நான் தவறவிட்டது. மலையின் நிழல் கீழே மேகத்தின் மேல் கூரான முக்கோணமாக விழுந்திருந்தது, அளவுகோல் வைத்துச் சாக்கட்டியால் துணியில் குறித்தது போல. சூரியன் ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே எங்களை நோக்கி வந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஏழு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். முழங்காலுக்கு உறை, கையில் தடி, நூறு படிக்கு ஒரு நிறுத்தம். அவசரப்பட்டவர்கள் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். பகலில்தான் தெரிந்தது, இரவில் எவ்வளவு ஆழத்தின் ஓரமாக ஏறியிருக்கிறோம் என்று.

இந்திகட்டுபான வந்ததும் அப்பா நின்றார். நூல்களெல்லாம் பனியில் நனைந்து கனத்துத் தொங்கின. தன்னுடையது எது என்று தேடினார். ஆயிரம் வெள்ளை நூல்களுக்கு நடுவே தெரியவில்லை. யாருடையதோ ஒரு நூல் கைப்பிடிப் பக்கம் அறுந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு முனைகளையும் பிடித்து, விரல் நுனியில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, கடையில் போடுவது போலவே சிறிய முடிச்சாகப் போட்டார். இழுத்துப் பார்த்தார். பிறகு தடியை அடுத்த படியில் ஊன்றினார்.